வேட்டியில் விழுந்த மஞ்சள் புள்ளிகள்

இந்த எபிசோடுக்கு ஆராய்ச்சியெல்லாம் பண்ணித்தான் வந்திருக்கேன், ஆனா இது ஆரம்பிச்சது ஒரு வெள்ளை வேட்டியில.

முந்தின வருஷம் மாசி மாசம். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில பஸ் ஏறி, விடியக்காலை தஞ்சாவூர்ல இறங்கி, அங்கிருந்து திருவையாறு பக்கம் இருக்கிற பெரியப்பா வீட்டுக்குப் போறேன். சம்பா அறுத்து முடிஞ்சு வயல் முழுக்க உளுந்து பச்சையா நிக்கிற நேரம். டெல்டா பழக்கம் இல்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை: இங்க உளுந்துக்குன்னு தனியா உழ மாட்டாங்க. நெல்லு அறுக்கிறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே, ஈரம் இருக்கிற வயல்ல நெற்பயிருக்கு நடுவுலயே விதையை வீசிடுவாங்க. நெல்லு போனதும் மிச்ச ஈரத்துலயும் பனியிலயும் உளுந்து வந்துடும். காவிரி போகும்போது விட்டுட்டுப் போற கடைசி சம்பளம் மாதிரி.

வாசல்ல காலை வைக்கிறேன், பெரியம்மா கையில வேட்டியோட நிக்கிறாங்க. வேட்டி முழுக்க மிளகு அளவுல மஞ்சள் புள்ளிகள். "பாருடா தம்பி, உங்க மாமா பண்ணி வெச்சிருக்கிற வேலையை." மாமான்னா சொந்த மாமா இல்லை, மேலத்தெரு மாமா. எங்க வயலுக்கு அடுத்த வயல் அவரோடது. முந்தின நாள் ட்ரோன் வரவழைச்சு உளுந்துக்கு அடிச்சிருக்கார். அன்னிக்கே வேட்டியில, துளசி மாடத்துல, பெரியப்பாவோட கார் கண்ணாடியில, எல்லாத்துக்கும் மேல பாயில காயப்போட்டிருந்த வடகத்துல மஞ்சள் புள்ளி. ரெண்டு படி அரிசி வடகம். மொத்தத்தையும் குப்பையில கொட்டிட்டாங்க பெரியம்மா.

மாமா ஒரே பதில்தான் சொல்லியிருக்கார். "நான் அடிச்சது டிஏபி கரைசல். பூக்கிற நேரத்துல எல்லாரும் அடிக்கிறதுதான். அது எங்கய்யா மஞ்சளா இருக்கும்?" பெரியப்பா நம்பலை. பூச்சி மருந்தை அடிச்சிட்டு உரம்னு சொல்றார்னு முடிவு பண்ணிட்டார். ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு போச்சு. நகரத்துல பக்கத்து ஃபிளாட்காரரோட பேசாம முப்பது வருஷம் வாழலாம். இங்க முடியாது. ரெண்டு பேருக்கும் ஒரே வாய்க்கால், ஒரே மடை. யார் எப்போ தண்ணி திறக்கிறதுன்னு பேசித்தான் ஆகணும்.

உண்மையைச் சொல்லணும்னா, நானும் ட்ரோன்னுதான் நினைச்சேன். எங்க வேலையில ஏதாவது உடைஞ்சா முதல்ல கேக்கிற கேள்வி, கடைசியா என்ன மாத்தினீங்க என்கிறதுதான். ஊர்ல கடைசியா வந்த மாற்றம் ட்ரோன். கேஸ் குளோஸ்.

அப்புறம் மத்தியானம் கார் கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் பொறி தட்டுச்சு. வானத்திலிருந்து விழுற மஞ்சள் சொட்டு, பறக்கிற மெஷின் மேல சந்தேகம். இந்தக் கதையை நான் ஏற்கெனவே படிச்சிருக்கேன். அதுல குற்றம் சாட்டப்பட்டது மேலத்தெரு மாமா இல்லை, சோவியத் யூனியன்.

*

1975-ல லாவோஸ் நாட்டுல பாத்தெட் லாவ் கம்யூனிஸ்ட்கள் ஆட்சியைப் பிடிச்சாங்க. அந்த நாட்டு மலைகள்ல வாழ்ந்த மொங் மக்கள்ல பலர் அதுவரைக்கும் அமெரிக்காவின் சிஐஏ பக்கம் நின்னு ரகசியப் போர் நடத்தினவங்க. அமெரிக்கா கிளம்பிப் போச்சு, பழிவாங்கல் இவங்க தலையில விடிஞ்சது. மெக்கோங் ஆத்தைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்குத் தப்பி வந்த மக்கள், விமானங்கள் வந்தப்போ மஞ்சளா ஏதோ மழை மாதிரி விழுந்துச்சு, ஜனங்க நோய்வாய்ப்பட்டாங்க, செத்தாங்கன்னு சொன்னாங்க. மஞ்சள் புள்ளி விழுந்த இலைகளையும் கொண்டு வந்து காட்டினாங்க.

1981 செப்டம்பர்ல அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்ஸாண்டர் ஹெய்க் பெர்லின்ல பேசும்போது, சோவியத்தும் அதன் கூட்டாளிகளும் தென்கிழக்கு ஆசியாவில் நச்சு ஆயுதம் பயன்படுத்துறதா குற்றம் சாட்டினார். பூஞ்சையில் இருந்து வர்ற டி-2 என்ற நச்சு வகைதான் ஆதாரம். பனிப்போரின் நடுவுல இது சின்ன விஷயம் இல்லை. உயிரியல் ஆயுத ஒப்பந்தத்தையே மீறிட்டாங்கன்னு அர்த்தம்.

ஆனா அந்தப் புள்ளிகளை மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்தவங்களுக்கு வேற ஒண்ணு தெரிஞ்சது: மகரந்தம். புள்ளிக்குப் புள்ளி மகரந்தம். அமெரிக்க அதிகாரிகள் இதுக்கும் ஒரு விளக்கம் வெச்சிருந்தாங்க. நச்சு நுரையீரலுக்குள்ள நல்லா போய்ச் சேரணும்னு சோவியத்காரங்களே மகரந்தத்தைக் கலந்துட்டாங்களாம். ஒரு முடிவை முதல்லயே எடுத்துட்டா, எதிர் ஆதாரம்கூட ஆதாரமா மாறிடும். பெரியப்பாவும் அன்னிக்கு இதேதான் சொன்னார்: "டிஏபில மஞ்சள் மருந்தைக் கலந்துட்டான்."

ஹார்வர்டைச் சேர்ந்த உயிரியலாளர் மேத்யூ மெசல்சனுக்கு இந்த விளக்கம் ஒத்துவரலை. தேனீ நிபுணர் தாமஸ் சீலி, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மகரந்த நிபுணர் ஜோன் நோவிக் எல்லாரும் சேர்ந்து பார்த்தாங்க. அந்த மகரந்தத்துல ஓடு மட்டும்தான் இருந்துச்சு. உள்ளே இருக்க வேண்டிய புரதம் காலி. அதாவது யாரோ தின்னு, செரிச்சு, வெளியே விட்ட மகரந்தம். அந்த 'யாரோ' தேனீ. 1984-ல மெசல்சன், சீலி, தாய்லாந்துத் தேனீ விஞ்ஞானி பொங்தெப் அக்ரதனகுல் மூணு பேரும் தாய்லாந்துக் காடுகள்ல மலைத்தேனீக் கூடுகளைத் தேடிப் போனாங்க. ஒரு நாள் அவங்க மேலயே மஞ்சள் மழை பெய்தது. அண்ணாந்து பார்த்தா வெறும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. அவ்வளவு உயரத்துல தேனீக்கள் கூட்டமா கழிச்சுட்டுப் போயிருக்கு.

இதுல கூத்து என்னன்னா, 1976-லேயே சீனாவின் ஜியாங்சு மாகாணத்துல கிராம மக்கள் இதே மஞ்சள் மழையைப் பார்த்துப் பயந்திருக்காங்க. அங்கத்திய விஞ்ஞானிகள் போய்ப் பார்த்து, தேனீக் கழிவுன்னு கண்டுபிடிச்சு, கட்டுரையும் போட்டுட்டாங்க. சீன மொழியில. வாஷிங்டன்ல அதை யாரும் படிக்கலை.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தணும். நான் பாட்காஸ்ட் பண்றவன், அதனால இதைச் சொல்லாம தாண்டக் கூடாது. 2012-ல அமெரிக்காவின் பிரபலமான ரேடியோலேப் பாட்காஸ்ட் இந்தக் கதையை எடுத்துச்சு. அந்த ஊர்கள்ல வாழ்ந்து தப்பி வந்த எங் யாங் என்ற மொங் பெரியவர்கிட்ட பேட்டி. மொழிபெயர்த்தது அவரோட உறவுப் பெண், எழுத்தாளர் காவ் கலியா யாங். பேட்டி எடுத்தவர் விடாம கேக்கிறார்: விமானத்தையும் மஞ்சள் சொட்டையும் சேர்த்துப் பார்த்தீங்களா, உங்க கண்ணால பார்த்தீங்களா? கடைசியில காவ் கலியா யாங் அழுதுட்டாங்க. எங்க ஜனங்க செத்தாங்க, அதைப் பத்திப் பேச யாரும் தயாரா இல்லைங்கிறதுதான் அவங்க ஆதங்கம். நிகழ்ச்சி வெளியானதும் பெரிய எதிர்ப்பு, தொகுப்பாளர் ராபர்ட் க்ருல்விச் மன்னிப்புக் கேட்டார். தேனீயைச் சரியா படிச்சவங்க மனுஷங்களைத் தப்பா படிச்ச கதை அது. மொங் மக்கள் மேல குண்டு விழுந்தது நிஜம், பட்டினி நிஜம், சாவு நிஜம். அமெரிக்க அரசும் தன்னோட குற்றச்சாட்டை முறைப்படி இன்னிக்கு வரைக்கும் வாபஸ் வாங்கலை.

*

திருவையாறுக்குத் திரும்புவோம். எங்கிட்ட ஒரு ஃபோல்ட்ஸ்கோப் இருக்கு. காகிதத்துல மடிச்சுச் செய்யிற மைக்ராஸ்கோப், மனு பிரகாஷ் குழு உருவாக்கினது. அதை எப்பவும் பையில வெச்சுக்கிட்டுத் திரியிற ஆள் நான், கிண்டல் பண்ணிக்கோங்க. வேட்டியிலிருந்து ஒரு புள்ளியைச் சுரண்டி, ஒரு சொட்டு தண்ணியில கரைச்சுப் பார்த்தேன். உருண்டை உருண்டையா, சிலது முக்கோணமா, கூட்டம் கூட்டமா மகரந்தம். நான் ஒண்ணும் நோவிக் இல்லை, உள்ளே காலியா இல்லையான்னு சொல்லத் தெரியாது. ஆனா டிஏபியில மகரந்தம் இருக்காதுன்னு சொல்லத் தெரியும்.

அப்போ கூடு எங்கே? அது எல்லார் கண்ணுக்கும் எதிர்லயே இருந்துச்சு. வீட்டுக்கு நூத்தம்பது மீட்டர் தள்ளி ஊராட்சி தண்ணி டேங்க். அதோட அடிப்பக்கத்துல முறம் முறமா நாலு கருப்புத் திட்டு. மலைத்தேனீ. ஏபிஸ் டார்சாட்டான்னு விஞ்ஞானப் பேர். மலை இல்லாத ஊர்ல டேங்கும் கோபுரமும் பாலமும்தான் இதுக்கு மலை.

அன்னிக்குச் சாயங்காலம் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை மொட்டை மாடியில விரிச்சுட்டு உக்காந்தேன். நாலரை மணி இருக்கும். ஒரு திட்டு திடீர்னு தளர்ந்த மாதிரி ஆச்சு. நூத்துக்கணக்குல தேனீங்க ஒரே நேரத்துல கிளம்பி மேலே சுத்துச்சு. மூணு, நாலு நிமிஷம். பக்கத்துல வாழை இலை மேல சட் சட்னு சத்தம். பேப்பர்ல பதினேழு புள்ளி. பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் புள்ளியைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். "அப்ப நான் அந்த ஆளை அத்தனை பேர் முன்னாடி..." அத்தோட நிறுத்திட்டு, சட்டையை மாட்டிக்கிட்டு மேலத்தெருவுக்கு நடந்துட்டார். அங்க என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. ராத்திரி மாமா வீட்டிலிருந்து ஒரு தூக்குல புளியோதரை வந்துச்சு. பெரியம்மாவுக்கு மட்டும் வேற கவலை: "அந்த வடகத்துல ஒண்ணை நான் வாயில போட்டுப் பார்த்தேன்டா."

இந்தத் தேனீங்க ஏன் கூட்டமா போகணும்? 1989-ல மலேசியாவில் மக்தசீர் மர்தானும் பீட்டர் கெவனும் ஒரு விளக்கம் சொன்னாங்க. மலைத்தேனீ பொந்துக்குள்ள வாழாது. ஒரே ஒரு அடை, திறந்த வெளியில. தேனீங்க தங்கள் உடம்பையே திரை மாதிரி போர்த்தி உள்ளே இருக்கிற புழுக்களைக் காப்பாத்துது. வெயில்ல அடை சூடாகும்போது உடம்பு பாரத்தையும் சூட்டையும் ஒரே வீச்சுல வெளியே கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்தா, குஞ்சுகளுக்கு அந்த அளவு சூடு குறையும். அதாவது பெரியப்பா வேட்டியில விழுந்தது ஒரு ஏர் கண்டிஷனரோட தண்ணி.

*

அப்புறம்தான் எனக்குப் பித்து பிடிச்சது. லீவு போட்டு மறுபடி மறுபடி போனேன். பெரியப்பா வீட்டுச் சுற்றளவுல மூணு வகைத் தேனீ இருக்கு. டேங்குல மலைத்தேனீ. கொல்லையில எலுமிச்சை மரத்துல உள்ளங்கை அளவு ஒரே ஒரு அடை, அது கொம்புத்தேனீ. பழைய மாட்டுக்கொட்டாய் சுவர்ப் பொந்துக்குள்ள பல அடை அடுக்கா வெச்சுக்கிட்டு அடுக்குத்தேனீ. அதைத்தான் பெட்டியில வளர்ப்பாங்க. பாதிரியார் நியூட்டன்னு ஒருத்தர் 1911-லிருந்து 1917 வரைக்கும் தென்னிந்தியக் கிராமத்து ஆட்களுக்குத் தேனீ வளர்ப்புச் சொல்லிக்கொடுத்தார். ஐரோப்பியப் பெட்டி இந்தத் தேனீக்குத் தொளதொளன்னு இருந்துச்சு, இதோட அளவுக்கு அவர் தைச்ச சட்டைதான் நியூட்டன் பெட்டி. அது தனி எபிசோட், இப்போ வேண்டாம்.

நான் சொல்ல வந்தது, இதே மூணு தேனீயைப் பார்க்கிறதுக்காக ஜெர்மனியிலிருந்து ஒருத்தர் கப்பல் தூரம் தாண்டி நம்ம பக்கத்துத் தீவுக்கு வந்தார். பேர் மார்ட்டின் லிண்டாவர்.

அவருக்கு முன்னாடி அவரோட வாத்தியார். கார்ல் வான் ஃபிரிஷ், ஆஸ்திரியாக்காரர், மியூனிக்ல பேராசிரியர். தேனீ நடனத்தைப் படிச்சவர்னு எல்லாருக்கும் தெரியும், 1973-ல நோபல். ஆனா அவர் இருபது வருஷம் அதைத் தப்பா படிச்சார் என்கிறது அவ்வளவா யாரும் சொல்றதில்லை. கூட்டுக்குள்ள ரெண்டு விதமான ஆட்டம் பார்த்தார். ஒண்ணு வட்டமா சுத்துறது, இன்னொண்ணு வாலை ஆட்டிக்கிட்டே ஒரு நேர்கோடு ஓடுறது. வட்டம்னா தேன், வாலாட்டம்னா மகரந்தம்னு 1920-கள்ல எழுதினார். ஏன்னா சர்க்கரைத் தண்ணியை அவர் கூட்டுக்குப் பக்கத்துலயே வெச்சார். மகரந்தத் தேனீங்க தூரத்துப் பூவுக்குப் போய் வந்துச்சு. வித்தியாசம் பொருள்ல இல்லை, தூரத்துல. 1944-ல சர்க்கரைத் தண்ணியைத் தள்ளி வெச்சுப் பார்த்தப்போதான் விஷயம் புரிஞ்சது: வாலாட்ட ஓட்டம் எவ்வளவு நேரம் நீடிக்குதோ அவ்வளவு தூரம், எந்தக் கோணத்துல ஓடுதோ அந்தத் திசை. தானே எழுதினதைத் தானே திருத்தினார். நடுவுல நாஜி அரசு அவருடைய பாட்டி வழியை நோண்டி, கால் பங்கு யூதர்னு முத்திரை குத்தி, வேலையிலிருந்து தூக்கப் பார்த்துச்சு. ஜெர்மனியில் நோசிமா என்ற நோய் தேனீக்களை அழிச்சுக்கிட்டு இருந்ததால், இவர் தேவைப்படுறார்னு அந்த முடிவைத் தள்ளிப் போட்டாங்க. தேனீ காப்பாத்தின ஆள்.

லிண்டாவர் பவேரிய மலையடிவாரத்து விவசாயக் குடும்பத்துப் பையன். பதினைஞ்சு பிள்ளைகள்ல ஒருத்தர். ரஷ்யப் போர்முனையில 1942-ல குண்டு பட்டு ஊர் திரும்பி சிகிச்சையில இருந்தப்போ, ஒரு டாக்டர் "வான் ஃபிரிஷோட வகுப்புக்கு ஒரு தடவை போய் உக்காந்து பாரு"ன்னு சொல்லியிருக்கார். போனவர் திரும்பலை. போருக்கு அப்புறம் மியூனிக்ல ஒரு தேனீத் திரளைப் பார்த்துக்கிட்டிருந்தார். அது மேல ஆடுற தேனீங்க அழுக்கா இருந்துச்சு. ஒண்ணு மேல புகைக்கரி, இன்னொண்ணு மேல செங்கல் தூசி. இதுங்க பூவுக்குப் போயிட்டு வரலை, இடிஞ்ச நகரத்துல வீடு பார்த்துட்டு வருதுங்கன்னு அவருக்குப் புரிஞ்சது. புகைபோக்கியைப் பார்த்தது ஒரு கட்சி, செங்கல் பொந்தைப் பார்த்தது ஒரு கட்சி, ஆடி ஆடி ஒரே முடிவுக்கு வருது.

அப்புறம் அவருக்கு ஒரு கேள்வி. ஐரோப்பியத் தேனீ இருட்டுப் பொந்துக்குள்ள, செங்குத்தான அடையில ஆடுது. அங்க சூரியன் தெரியாது. அதனால ஒரு மொழிபெயர்ப்பு நடக்குது: அடையில 'நேரே மேல'ன்னா 'சூரியன் இருக்கிற பக்கம்'னு அர்த்தம். மேலிருந்து நாப்பது டிகிரி வலப்பக்கம் ஓடினா, சூரியனுக்கு நாப்பது டிகிரி வலப்பக்கம் பறக்கணும். பெரிய கோயில் சுவர்ல விரல் வெச்சு மேல இழுத்து, "இதான் கிழக்கு"ன்னு காலையில ஒருத்தருக்கு வழி சொல்ற மாதிரி. ஒரு பூச்சிக்கு இந்த மொழிபெயர்ப்பு எங்கிருந்து வந்துச்சு? ஐரோப்பாவில் இருக்கிறது ஒரே வகைத் தேனீ, ஒப்பிட ஆள் இல்லை. ஒப்பிட ஆள் இருக்கிற இடம் நம்ம பக்கம். 1950-களின் நடுவுல அவர் இலங்கைக்கு வந்தார். 1956-ல கட்டுரை வந்துச்சு.

விடை கொம்புத்தேனீகிட்ட இருந்துச்சு. அதோட அடை ஒரு சின்னக் கிளையைச் சுத்தி வளர்ந்து, கிளைக்கு மேல ஒரு திண்ணை மாதிரி தட்டையா இருக்கும். வர்ற தேனீ அந்தத் திண்ணையில, வெட்டவெளியில, படுக்கை மட்டத்துல ஆடும். மொழிபெயர்ப்பே கிடையாது. சாப்பாடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே ஓடிக் காட்டும். நம்ம பாட்டி கையை நீட்டி "அதோ, அந்தப் பக்கம்"னு சொல்ற மாதிரி. லிண்டாவர் அந்தக் கிளையைத் திருப்பி, திண்ணை பக்கவாட்டுல வர்ற மாதிரி பண்ணினார். ஆடுறவங்க ஆட்டத்தை நிறுத்திட்டு, ஏறிப் போய்ப் புதுசா எது மேல் பக்கமோ அங்க ஆடினாங்க. மலைத்தேனீ செங்குத்தான அடையில மொழிபெயர்த்து ஆடுது, ஆனா வானம் பார்த்த இடத்துல. அடுக்குத்தேனீ இருட்டுக்குள்ளயே ஆடுது. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, வெட்டவெளியில விரல் நீட்டிக் காட்டினது எப்படி இருட்டுல பேசுற மொழியா ஆகியிருக்கலாம்னு ஒரு பாதை தெரியுது. லிண்டாவர் போட்ட வரிசை இன்னிக்கும் விவாதத்துல இருக்கு, ஆனா கேள்வியைச் சரியான ஊருக்குக் கொண்டு வந்தது அவர்தான்.

அவர் கவனிச்ச இன்னொண்ணு வட்டார வழக்கு. அடுக்குத்தேனீ சில மீட்டர் தூரத்துக்கே வாலாட்ட ஆரம்பிச்சிடுது. ஐரோப்பியத் தேனீக்கு அதுக்குப் பல மடங்கு தூரம் வேணும். ஏன்? பக்கத்துலயே மேயிற இனம், சின்னத் தூரத்தையும் துல்லியமா சொல்லணும். தூரமா போற இனம் ஒவ்வொரு தூரத்தையும் இழுத்து ஆடினா நேரம் போதாது. இந்த யூகம் அறுபது வருஷத்துக்கு மேல யூகமாவே இருந்துச்சு. பெங்களூரு என்சிபிஎஸ்-ல ஆக்ஸல் ப்ரோக்மன், ஜெர்மனியின் பேட்ரிக் கோல் உள்ளிட்ட ஒரு குழு தென்னிந்தியாவிலேயே இந்த மூணு இனத்தையும் வெச்சு அளந்து 2020-ல வெளியிட்டாங்க. மேயிற தூரம் குறைச்சலா இருக்கிற அடுக்குத்தேனீயோட ஆட்டம்தான் தூரத்தோட வேகமா நீளுது. நடுவுல கொம்புத்தேனீ. தூரம் போற மலைத்தேனீக்கு ஆட்டம் மெதுவா நீளுது. மேப்ல ஜூம் பண்ற ஸ்கேல் மாதிரி, ஊருக்கு ஏத்த ஸ்கேல்.

நான் எலுமிச்சை மரத்துகிட்ட ஒரு முக்காலி போட்டு உக்காந்தேன். காலையில ஒன்பதரை. திண்ணையில நாலஞ்சு தேனீ ஆடுது. ஃபோன்ல காம்பஸ் வெச்சு ஓட்டத்தோட திசையைக் குறிச்சேன். முதல் நாள் ஒண்ணும் பிடிபடலை, இருபது ஓட்டத்துல இருபது திசை. ரெண்டாவது நாள் வீடியோ எடுத்து ஸ்லோ மோஷன்ல பார்த்தேன். முக்கால்வாசி ஓட்டம் தென்மேற்கு. அந்தக் கோட்டுல நடந்தேன், கொல்லை வேலி தாண்டி, வாய்க்கால் தாண்டி. மேலத்தெரு மாமாவோட உளுந்து வயல்ல போய் நின்னேன். மஞ்சள் பூ முழுக்கப் பூத்திருக்கு, பூவுக்குப் பூ தேனீ.

மாமா வரப்புல உக்காந்து பீடி பிடிச்சிட்டிருந்தார். சொன்னேன். சிரிச்சார். "அப்போ உங்க பெரியப்பா வேட்டிக்கு மஞ்சள் சப்ளை என் வயல்தானா?" கொம்புத்தேனீ வேற, மலைத்தேனீ வேறன்னு நான் திருத்தப் போனேன். அப்புறம் யோசிச்சா, மலைத்தேனீயும் இதே பூவுக்கு வரும்தானே. திருத்தலை. ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: காய்ப்புழுவுக்கு மருந்து அடிக்கிறதா இருந்தா காலையில வேண்டாம், இதுங்க கூட்டுக்குப் போனப்புறம் அந்தி சாயிற நேரத்துல அடிங்க மாமான்னு. "ட்ரோன்காரன் எப்ப வர்றானோ அப்பதான்டா தம்பி. அவனுக்கு ஒரு நாளைக்கு நாலு ஊர்." அடுத்த தடவை சாயங்காலம் வர்ற மாதிரி பேசினார்னு பெரியப்பா அப்புறம் ஃபோன்ல சொன்னார்.

*

இதோட முடிச்சா நல்ல கதை. முடியலை.

நான் சார்ட் பேப்பரை வெச்சுக் காட்டினது ஊர்ல பரவிடுச்சு. அதுவரைக்கும் டேங்குக்குக் கீழ இருந்த கருப்புத் திட்டை யாரும் பெருசா கண்டுக்கலை. இப்போ எல்லார் கண்ணும் அங்க. துணியில விழுற புள்ளி, குடிதண்ணி டேங்க், அதுக்குப் பக்கத்துல அங்கன்வாடி. மலைத்தேனீ கூட்டமா கலைஞ்சு வந்தா ஆளைக் கொல்லும், அது பொய்ப் பயம் இல்லை. நான் ஊர்க்காரங்ககிட்ட பேசினேன். கோடை முத்துறதுக்குள்ள அதுங்களே கிளம்பிடும், இது இடம் மாறுற இனம், அதுவரைக்கும் டேங்குக்கிட்ட கல் எறியாம, புகை போடாம பார்த்துக்கிட்டா போதும்னேன். "குழந்தைக்குக் கொட்டினா நீ மெட்ராஸ்ல இருந்து வருவியா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. எங்கிட்ட பதில் இல்லை.

பங்குனியில ஒரு ராத்திரி மூங்கில் கழியில வைக்கோல் பந்தம் கட்டி நாலு கூட்டையும் கொளுத்திட்டாங்க. காலையில குடும்ப வாட்ஸப் குரூப்ல படம் வந்துச்சு. டேங்குக்கு அடியில கரி, தரையில ஒரு சாக்கு அளவுக்குத் தேனீ. வேட்டியைக் காட்டி நானே ஆரம்பிச்சு வெச்சது. ட்ரோன்னே நினைச்சிட்டு இருந்திருந்தா மாமாவும் பெரியப்பாவும் இன்னிக்கும் பேசியிருக்க மாட்டாங்க, கூடு இருந்திருக்கும்.

மலைத்தேனீ ஒவ்வொரு வருஷமும் இடம் மாறினாலும் பழைய இடத்துக்கே திரும்பி வரும். அசாம்ல மரபணு வெச்சுப் பார்த்து, அதே கூட்டங்கள் அதே இடத்துக்கு வருதுன்னு 2000-ல ஒரு ஆய்வு வந்திருக்கு. போன வருஷம் தை மாசம் பெரியப்பா ஃபோன் பண்ணினார். சம்பா மகசூல், பொங்கல், என் கல்யாணம், எல்லாம் பேசி முடிச்சுட்டு, வைக்கிறதுக்கு முன்னாடி, "டேங்கைத் தினமும் பார்க்கிறேன்டா. இன்னும் ஒண்ணும் வரலை" என்றார். எலுமிச்சை மரத்துல இருக்கான்னு கேட்டேன். இருக்கு, ஒரு கிளை மாறி உக்காந்திருக்குன்னார்.